உலகின் மிகப் பெரிய ஸ்டேடியம் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், உலகின் மிகப் பெரிய ஸ்டேடியம் எது?

அகமதாபாத்தில் உள்ள நரேந்திர மோடி ஸ்டேடியம். 1,32,000 பேர் உட்காரலாம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

மற்றவர்களுக்கு விஷயம் அவ்வளவு எளிதில் முடியாது. பழைய பொதுஅறிவுப் புத்தகத்தில் வட கொரியாவின் மே தின ஸ்டேடியம் என்று இருக்கும். கார் பந்தயம் பார்க்கிறவர் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் என்பார். வயதான கால்பந்து ரசிகர் பிரேசிலின் மரக்கானாவை விட்டுக்கொடுக்க மாட்டார். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. எதை ஸ்டேடியம் என்கிறோம், நின்று பார்ப்பவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா, எந்த வருடத்துக் கணக்கு என்பதைப் பொறுத்து விடை மாறிக்கொண்டே போகும்.

வட கொரியாவில் 1,50,000 பேர் உட்காரலாம் என்கிறார்களே, அப்படியானால் அதுதானே பெரிது?

1,50,000 என்பது அந்த நாட்டு அரசு சொல்லும் எண். படங்களை வைத்து இருக்கைகளை எண்ணிப் பார்த்தவர்கள் சுமார் 1,14,000 என்கிறார்கள். இரண்டாவது எண்ணைத்தான் நான் நம்புகிறேன்.

ஸ்டேடியம் இருப்பது தலைநகர் பியொங்யாங்கில், தேதொங் ஆற்றின் நடுவே உள்ள ருங்ரா என்ற தீவில். 1989 மே 1 அன்று திறந்ததால் மே தினப் பெயர். அதற்கு முந்தைய வருடம்தான் தென் கொரியா சோல் நகரில் ஒலிம்பிக்ஸை நடத்தி உலகத்தின் கண்ணில் பட்டிருந்தது. நாங்கள் மட்டும் சளைத்தவர்களா என்று வட கொரியா 1989-ல் உலக இளைஞர் மாணவர் விழாவை நடத்தியது. அதற்காகக் கட்டியதுதான் இது. 16 வளைவுகள் சேர்ந்து வட்டமாக நிற்கும் கூரை, மேலிருந்து பார்த்தால் விரிந்த மக்னோலியா பூ போல இருக்கும்.

விளையாட்டுக்காக இது நிறைவதைவிட, அரிராங் போன்ற கூட்டுக் கலைநிகழ்ச்சிகளுக்காக நிறைவதுதான் அதிகம். ஒரு பக்க கேலரி முழுக்க ஆயிரக்கணக்கான மாணவர்கள் வண்ண அட்டைகளோடு உட்கார்ந்து, ஒரே நொடியில் அட்டையைப் புரட்டிப் பிரம்மாண்டமான படங்களை உருவாக்குவார்கள். அந்தப் பக்கத்தில் பார்வையாளருக்கு இடம் கிடையாது.

1995 ஏப்ரலில் இங்கே இரண்டு நாள் தொழில்முறை மல்யுத்தம் நடந்தது. ஜப்பானின் அன்டோனியோ இனோகியும் அமெரிக்காவின் ரிக் ஃபிளேரும் மோதினார்கள். முகமது அலி விருந்தினராக வந்திருந்தார். ஒரே நாளில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கூட்டம் என்று அறிவித்தார்கள். இப்படிப்பட்ட சண்டையை அதுவரை பார்த்தேயிராத மக்கள், வரச் சொன்னதால் வந்தவர்கள். இதை ரசிகர் கூட்டம் என்று கணக்கில் சேர்க்கலாமா என்பதே கேள்விதான்.

ஒரு லட்சம் பேருக்கு மேல் கொள்ளும் ஸ்டேடியங்கள் வேறு என்னென்ன?

அகமதாபாத், பியொங்யாங் இரண்டையும் தள்ளிவிட்டால் வரிசையாக எட்டு அமெரிக்க ஸ்டேடியங்கள் வரும்: மிச்சிகன் (1,07,601), பென்சில்வேனியாவின் பீவர் (1,06,572), ஒஹாயோ (1,02,780), டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கைல் ஃபீல்டு (1,02,733), லூசியானாவின் டைகர் (1,02,321), டென்னசியின் நெய்லண்ட் (1,01,915), ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக ஸ்டேடியம் (1,00,119), அலபாமா (1,00,077). அப்புறம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம், 1,00,024. புதுப்பிப்பு வேலை நடக்கும்போது இந்த எண்கள் கொஞ்சம் ஏறும், இறங்கும். பீவரில் இப்போது அப்படியொரு பெரிய வேலை நடக்கிறது.

பார்சலோனாவின் கேம்ப் நூ 99,354 இருக்கைகளோடு லட்சத்தைத் தொடாமல் நின்றது. 2023-ல் இடித்துக் கட்ட ஆரம்பித்தார்கள். வேலை முழுக்க முடிந்ததும் சுமார் 1,05,000 என்பது திட்டம்.

அந்த அமெரிக்க ஸ்டேடியங்கள் எல்லாமே காலேஜ் ஸ்டேடியங்களா? காலேஜ் பசங்கள் ஆட்டத்துக்கு லட்சம் பேரா?

ஆமாம், எட்டுமே பல்கலைக்கழகங்களுடையவை. அங்கே நடப்பது அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் எடுத்து ஓடும் ஆட்டம். தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணிகளின் ஸ்டேடியங்கள் எதிலும் லட்சம் நிரந்தர இருக்கை கிடையாது.

காரணம் புரிய வேண்டுமென்றால் ஊரைப் பார்க்க வேண்டும். மிச்சிகன் ஸ்டேடியம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 1,20,000. ஊரில் உள்ள அத்தனை பேரும் வந்தால்தான் ஸ்டேடியம் நிறையும் என்று கணக்குப் போடாதீர்கள். படித்துவிட்டுப் போன பழைய மாணவர்கள் மாநிலம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்கு இலையுதிர்காலச் சனிக்கிழமை என்றால் ஆட்டம்தான். அப்பாவுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேத்தி என்று அதே சீசன் டிக்கெட் வீட்டுச் சொத்து மாதிரி கைமாறும். வருடத்தில் ஏழெட்டு ஆட்டம்தான் சொந்த ஊரில் நடக்கும் என்பதால் ஒன்றைக்கூடத் தவறவிட மாட்டார்கள். 1975-லிருந்து மிச்சிகனின் சொந்த மைதான ஆட்டங்களுக்குக் கூட்டம் லட்சத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை. கோவிட் காலத்து 2020 மட்டும் விதிவிலக்கு.

இன்னொரு ரகசியமும் உண்டு: இங்கே பெரும்பாலும் தனித்தனி நாற்காலி கிடையாது. நீளமான அலுமினியப் பலகைதான். அதில் 18 அங்குலத்துக்கு ஒரு எண் எழுதியிருப்பார்கள். அதுதான் உங்கள் இருக்கை. நவம்பர் குளிரில் எல்லாரும் தடித்த கோட்டு போட்டு வந்தால் அந்த 18 அங்குலம் எப்படிப் போதும் என்பது வேறு கதை. அகமதாபாத்தில் போட்டிருப்பதுபோல முதுகு சாய்க்கிற நாற்காலி போட்டால் இந்த எட்டில் பல ஸ்டேடியங்கள் லட்சத்திலிருந்து இறங்கிவிடும்.

மிச்சிகன் ஸ்டேடியத்தை வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லையே?

பெரும்பகுதி தரைக்குக் கீழே இருக்கிறது. 1927-ல் கட்டியபோது மண்ணைத் தோண்டிக் கிண்ணமாக்கி அதன் சரிவிலேயே படிகளை அமைத்தார்கள். சாலை மட்டத்தில் உள்ளே நுழைந்தால் பெரும்பாலான வரிசைகள் உங்கள் காலுக்குக் கீழே போகும். அப்போது பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பொறுப்பில் இருந்த ஃபீல்டிங் யோஸ்ட் தொலைநோக்குக்காரர். பின்னால் ஒரு லட்சம் பேர் வரை நீட்டிக்கொள்ள வசதியாக அஸ்திவாரத்தைப் போடச் சொன்னார். ஊரில் அப்போது சிரித்திருப்பார்கள்.

இதன் அதிகாரப்பூர்வக் கொள்ளளவு எத்தனை முறை மாறினாலும் கடைசி இலக்கம் 1 ஆகவே இருக்கும். அந்த ஒரு இருக்கை ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் என்ற பழைய பயிற்சியாளரின் நினைவாக. எங்கே இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள்.

2013 செப்டம்பர் 7 அன்று நோட்ர் டேம் அணியோடு நடந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 1,15,109. கொள்ளளவைவிட அதிகமாக எப்படி என்று கேட்பீர்கள். வீரர்கள், பேண்டு வாத்தியக் குழு, ஊழியர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லாரையும் சேர்த்து எண்ணுவது அங்கே வழக்கம். அடுத்த வருடம் மான்செஸ்டர் யுனைடெட், ரியல் மாட்ரிட் அணிகள் வந்து ஆடியபோது 1,09,318 பேர். நம்மூர்க் கால்பந்துக்கு அமெரிக்காவில் அதுவரை வந்திராத கூட்டம்.

இண்டியானாபோலிஸில் இரண்டரை லட்சம் இருக்கை என்கிறார்களே?

உண்மைதான். 1909-ல் திறந்த கார் பந்தயக் களம் அது. நிரந்தர இருக்கை மட்டுமே சுமார் இரண்டரை லட்சம், உள்வட்டப் புல்வெளியில் நிற்பவர்களைச் சேர்த்தால் பந்தய நாளில் மூன்று லட்சத்தைத் தாண்டும். ஆனால் பாதையின் சுற்றளவு 4 கிலோமீட்டர். எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் ஒரு பகுதிதான் கண்ணில் படும். மற்றதைத் திரையில் பார்க்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து ஆட்டம் முழுவதும் தெரிய வேண்டும் என்பதுதான் ஸ்டேடியத்துக்கான இலக்கணம் என்று வைத்துக்கொண்டால் இது பட்டியலில் சேராது. நான் சேர்க்க மாட்டேன்.

இதே சிக்கல் செக் நாட்டின் பிராக் நகரில் உள்ள ஸ்ட்ரஹோவுக்கும் உண்டு. 1920-களில் கூட்டு உடற்பயிற்சி விழாக்களுக்காகக் கட்டிய அரங்கம், இரண்டரை லட்சம் பேர் கொள்ளும் என்று சொல்லப்பட்டது. நடுவே உள்ள களம் சுமார் 300 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம். அந்த விழாக்கள் நின்றுபோய்விட்டன. இப்போது களத்தைக் கூறுபோட்டுப் பல கால்பந்து மைதானங்களாக்கி, ஸ்பார்ட்டா பிராக் அணியினர் பயிற்சி செய்கிறார்கள்.

மரக்கானாவில் இரண்டு லட்சம் பேர் ஆட்டம் பார்த்தது நிஜமா?

நிஜத்துக்கு மிக அருகில். 1950 ஜூலை 16, ரியோ டி ஜெனிரோ. உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம், பிரேசிலும் உருகுவேயும். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும் 1,73,850. ஓசியில் வந்தவர்கள், ஏறிக் குதித்தவர்கள் எல்லாரையும் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட மதிப்பீடு.

அந்த உலகக் கோப்பைக்காகவே இரண்டு வருடத்துக்குள் அவசர அவசரமாக எழுப்பிய ஸ்டேடியம். சாரம்கூட முழுக்கப் பிரிக்காத நிலையில் திறந்தார்கள். பிரேசிலுக்கு டிரா ஆனாலே கோப்பை. இடைவேளை முடிந்ததும் ஃப்ரியாசா கோல் அடிக்க, ஊரே ஆடியது. 66-வது நிமிடத்தில் உருகுவேயின் ஸ்கியாஃபினோ சமன் செய்தார். அப்போதும் பயமில்லை, டிரா போதுமே. 79-வது நிமிடத்தில் வலது ஓரமாக ஓடிவந்த கிஜியா, எல்லாரும் பந்தை நடுவே அனுப்புவார் என்று எதிர்பார்க்க, கோல்கீப்பர் பார்போசாவுக்கும் கம்பத்துக்கும் இடையிலிருந்த சந்தில் அடித்துவிட்டார். இரண்டு லட்சம் பேர் இருந்த இடத்தில் சத்தமே இல்லை என்று அங்கே இருந்தவர்கள் பின்னால் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பார்போசா அதற்குப் பின் ஐம்பது வருடம் வாழ்ந்தார். சாகும்வரை ஊர் அவரை மன்னிக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோருக்குத் தனி இருக்கை கிடையாது. களத்தை ஒட்டிக் கீழே 'ஜெரால்' என்று ஒரு பகுதி இருந்தது. மிக மலிவான டிக்கெட், நின்றேதான் பார்க்க வேண்டும், ஏழைகளின் இடம். 2005-ல் அதை எடுத்துவிட்டார்கள். இன்றைய மரக்கானாவில் சுமார் 78,000 பேர்தான்.

அப்படியானால் உலகம் முழுக்க ஸ்டேடியங்கள் சுருங்கிக்கொண்டு வருகின்றனவா?

பழையவை பலவும் சுருங்கிவிட்டன. ஜகார்த்தாவின் கெலோரா பங் கர்னோவில் 1962-ல் 1,10,000 பேர், இப்போது 80,000-க்கும் குறைவு. தெஹ்ரானின் ஆசாதியில் லட்சம் இருந்தது, இன்று 80,000-க்குள். கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் 1937-ல் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து ஆட்டத்தை 1,49,000-க்கு மேற்பட்டோர் பார்த்தார்கள்; இப்போது சுமார் 52,000.

சும்மா மனம் மாறி யாரும் குறைக்கவில்லை. ஆட்கள் செத்திருக்கிறார்கள். 1964-ல் பெருவின் லிமா நகரில் 300-க்கும் மேற்பட்டோர் நெரிசலில் இறந்தார்கள். வெளியேறும் கதவுகள் மூடியிருந்தன. 1971-ல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸில் படிக்கட்டு நெரிசலில் 66 பேர். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோவில், லிவர்பூல் ரசிகர்கள் நின்றுகொண்டிருந்த கம்பிக் கூண்டுக்குள் மேலும் மேலும் ஆட்களை விட்டதில் 97 பேர் உயிரிழந்தார்கள். களத்துக்குள் தப்பி ஓடவிடாமல் வேலி தடுத்தது. அதை விசாரித்த நீதிபதி டெய்லர் 1990-ல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு இங்கிலாந்தின் பெரிய மைதானங்களில் எல்லாருக்கும் இருக்கை கட்டாயமானது. சர்வதேசக் கால்பந்து அமைப்புகளும் அதே வழியில் போயின.

நின்றால் மூன்று பேர் இருக்கும் இடத்தில் உட்கார்ந்தால் ஒன்றரைப் பேர்தான் இருக்க முடியும். அங்கேயே பாதி கூட்டம் போய்விட்டது.

வெம்பிளியின் வெள்ளைக் குதிரைக் கதை என்ன?

1923 ஏப்ரல் 28, லண்டன் வெம்பிளி ஸ்டேடியத்தின் முதல் ஆட்டம். இங்கிலாந்துக் கால்பந்தின் எஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டி, போல்ட்டனுக்கும் வெஸ்ட் ஹாமுக்கும். இவ்வளவு பெரிய இடம் எங்கே நிறையப் போகிறது என்று நினைத்து வாசலிலேயே டிக்கெட் விற்றார்கள். கணக்கில் 1,26,047 பேர். சுவர் ஏறி வந்தவர்களோடு இரண்டு லட்சம் என்கிறார்கள், அதற்கு மேலும் சொல்வோர் உண்டு. கேலரி தாங்காமல் கூட்டம் களத்துக்குள் வழிந்தது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் வந்துவிட்டார், களத்தில் புல்லே தெரியவில்லை.

ஜார்ஜ் ஸ்கோரி என்ற குதிரைப்படைக் காவலர், பில்லி என்ற குதிரையில் ஏறி மெல்ல மெல்ல வட்டமடித்து, கையைக் கோத்துக்கொண்டு பின்னால் நகரச் சொல்லி ஜனங்களைக் கோட்டுக்கு வெளியே தள்ளினார். முக்கால் மணி நேரம் தாமதமாக ஆட்டம் தொடங்கியது. கோட்டை ஒட்டியே ஆட்கள் நின்றார்கள். பில்லி உண்மையில் சாம்பல் நிறம். அந்தக் காலத்துப் படங்களில் வெள்ளையாகத் தெரிந்து அந்த ஆட்டத்துக்கே பெயராகிவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து முன்கூட்டி டிக்கெட் வாங்கியவருக்குத்தான் அனுமதி.

அகமதாபாத்துக்கு முன் இந்தியாவில் எது பெரியது?

கொல்கத்தாவின் சால்ட் லேக் ஸ்டேடியம். 1984-ல் திறந்தது, 1,20,000 பேர் கொள்ளும். 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதியதைப் பார்க்க 1,31,781 பேர் வந்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1. இந்தியாவில் இப்படியொரு கூட்டம் கிரிக்கெட்டுக்கே வந்ததில்லை என்பதைப் பலர் நம்ப மறுப்பார்கள். 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகத் தனித்தனி இருக்கை போட்டபோது அதுவும் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது.

ஈடன் கார்டன்ஸும் ஒரு காலத்தில் லட்சம் பேர் பார்த்த இடம். 1999-ல் பாகிஸ்தானோடு நடந்த டெஸ்டுக்கு ஐந்து நாளில் 4,65,000 பேர் வந்ததாகக் கணக்கு. சச்சின் ரன்-அவுட்டால் மூண்ட கலாட்டாவில் கடைசி நாள் ரசிகர்களை வெளியேற்றிவிட்டு, காலி மைதானத்தில் ஆட்டத்தை முடித்தார்கள்.

அகமதாபாத் ஸ்டேடியம் புதிதாகக் கட்டியதா, பழையதைப் பெரிதாக்கியதா?

பழையதை இடித்துவிட்டு, அகமதாபாத்தின் மொட்டேரா பகுதியில் அதே இடத்தில் புதிதாகக் கட்டியது. பழைய சர்தார் படேல் ஸ்டேடியம் 1980-களின் தொடக்கத்தில் வந்தது. கவாஸ்கர் டெஸ்டில் 10,000-வது ரன்னை எடுத்ததும் (1987), கபில்தேவ் 432-வது விக்கெட்டை எடுத்து ஹாட்லியின் சாதனையை முறியடித்ததும் (1994) அங்கேதான். புதியதை வடிவமைத்தது பாப்புலஸ் நிறுவனம், கட்டியது எல் அண்ட் டி. 2020 பிப்ரவரியில் டிரம்ப் வந்த கூட்டத்தோடு திறந்தார்கள்; அதற்குச் சரியாக ஒரு வருடம் கழித்து இப்போதைய பெயர்.

நடுவில் 11 பிட்ச்கள் இருக்கின்றன, சில செம்மண், சில கரிசல். ஒரே மைதானத்தில் பந்து எகிறும் ஆட்டமும் நின்று வரும் ஆட்டமும் நடத்தலாம் என்பதால், எந்த பிட்ச் என்ற பேச்சு போட்டிக்கு முந்தின நாளே சூடு பிடித்துவிடும். வழக்கமான விளக்குக் கம்பங்கள் கிடையாது. கூரையின் விளிம்பைச் சுற்றியே எல்இடி விளக்குகள்.

மழை நின்று அரை மணியில் காய்ந்துவிடும் என்றார்களே, 2023 ஐபிஎல் இறுதியில் என்ன ஆயிற்று?

சிஎஸ்கே ரசிகர்கள் மறக்காத ராத்திரி அது. மே 28 ஞாயிறு மழையில் முழுக்கப் போயிற்று. சென்னையிலிருந்து ரயிலேறிப் போனவர்களில் பலர் அன்று இரவு அகமதாபாத் ரயில் நிலையத்தில் மஞ்சள் ஜெர்சியோடு தரையில் படுத்துத் தூங்கினார்கள். மறுநாள் குஜராத் 214 அடித்தது. அதில் 96 நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன், அதுவும் 47 பந்தில். சிஎஸ்கே மூன்று பந்து ஆடியதும் மீண்டும் மழை.

கொட்டியது கொஞ்ச நேரம்தான். களத்தின் பெரும்பகுதியில் மணலும் வடிகாலும் வேலை செய்தன. ஆனால் ஓரத்துப் பயிற்சி பிட்ச்கள் ஈரமாகிவிட்டன. அங்கே இருப்பது மண், வடியாது. உலகின் பெரிய ஸ்டேடியத்தில் ஆட்கள் ஸ்பாஞ்சால் ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்ததை டிவியில் எல்லாரும் பார்த்தோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய், நள்ளிரவு தாண்டி 15 ஓவரில் 171 என்ற இலக்கோடு ஆட்டம் தொடங்கியது. கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். ஜடேஜா நேராக ஒரு சிக்ஸ், ஃபைன் லெக் பக்கம் ஒரு ஃபோர்.

1,32,000 இருக்கையும் எப்போதாவது நிறைந்திருக்கிறதா?

கின்னஸில் உள்ள எண்ணிக்கை 2022 ஐபிஎல் இறுதிப் போட்டியுடையது: 1,01,566. டி20 ஆட்டம் ஒன்றுக்கு உலகில் வந்த மிகப் பெரிய கூட்டம் என்று பதிவாகியிருக்கிறது. 2023 நவம்பர் 19-ல் இந்தியா, ஆஸ்திரேலியா உலகக் கோப்பை இறுதிக்கு 92,453 பேர். நாடே டிவி முன் இருந்த நாளில் 40,000-க்கு அருகில் காலி என்றால் நம்பக் கஷ்டம்தான். விளம்பரப் பலகை, திரை, பாதுகாப்புக்காக அடைத்த வரிசைகள், வாங்கியும் வராதவர்கள் என்று எங்குமே கொள்ளளவு வேறு, வந்தவர் எண்ணிக்கை வேறு. அன்று கோலி பந்தை ஸ்டம்பில் இழுத்துவிட்டுக்கொண்டபோது அந்த 92,000 பேர் வாயடைத்துப்போனது வேறு எங்கும் கேட்டிராத அமைதி.

மெல்போர்னை ஏன் எல்லாரும் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள்?

நிறைவதால். கோடையில் கிரிக்கெட், மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை ஆஸ்திரேலியக் கால்பந்து. பிட்சை வெளியே வளர்த்து, சீசன் வந்ததும் தட்டோடு தூக்கிவந்து பதிக்கிறார்கள். அதனால் வருடம் முழுக்க மைதானத்துக்கு வேலை இருக்கிறது. முதல் டெஸ்ட் (1877), முதல் ஒருநாள் போட்டி (1971) இரண்டும் இங்கே. 1970 ஆஸ்திரேலியக் கால்பந்து இறுதிக்கு 1,21,696 பேர் வந்ததுதான் விளையாட்டுப் போட்டிகளில் இன்னும் மைதான சாதனை. 2024 டிசம்பரில் தொடங்கிய இந்திய டெஸ்டுக்கு ஐந்து நாளில் 3,73,691 பேர். கிரிக்கெட் கிளப்பில் உறுப்பினராகக் காத்திருப்போர் இரண்டு லட்சத்துக்கு மேல். பிள்ளை பிறந்ததும் பெயர் பதிவு செய்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், ஒரு கிரிக்கெட் ரசிகர் வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய மைதானத்துக்குப் போக முடியும் என்றால் இங்கேதான் போக வேண்டும்.

முரளிதரனுக்கு மட்டும் கசப்பான இடம். 1995 பாக்சிங் டே (டிசம்பர் 26) அன்று நடுவர் டேரல் ஹேர், முரளி பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று நோ-பால் கொடுத்துக்கொண்டே இருந்தது இங்கேதான்.

பெண்கள் விளையாட்டுக்கு இந்த அளவு கூட்டம் வந்திருக்கிறதா?

மெல்போர்னில் 2020 மார்ச் 8, டி20 உலகக் கோப்பை இறுதி, இந்தியாவும் ஆஸ்திரேலியாவும்: 86,174. கேம்ப் நூவில் 2022 ஏப்ரலில் பார்சலோனா, வுல்ஃப்ஸ்பர்க் ஆட்டம்: 91,648. 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் தன் கால்பந்து ஸ்டேடியத்தின் நடுவே வாலிபால் களம் போட்டு ஆடியது. வந்தவர்கள் 92,003.

மேல் கேலரியில் உட்கார்ந்தால் பந்து தெரியுமா?

கால்பந்து தெரியும், கிரிக்கெட் பந்து சந்தேகம். கால்பந்து ஸ்டேடியம் கட்டுகிறவர்கள் கடைசி இருக்கையிலிருந்து களத்தின் எதிர்மூலை 190 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். 22 சென்டிமீட்டர் பந்து அதற்கு மேல் கண்ணுக்கு எட்டாது. கிரிக்கெட் பந்து சுமார் 7 சென்டிமீட்டர்தான். அதே விகிதத்தில் போட்டால் 60 மீட்டர் சொச்சம். பவுண்டரிக் கோட்டை ஒட்டி முதல் வரிசையில் உட்கார்ந்தவரே அந்த எல்லையில்தான் இருக்கிறார்! மேலே இருப்பவர்கள் பேட்ஸ்மேனின் அசைவையும் ஃபீல்டர்கள் ஓடுவதையும் வைத்துப் பந்தை ஊகிக்கிறார்கள்.

முன்னால் இருப்பவர் தலை மறைக்காமல் இருக்கவும் கணக்கு உண்டு. உங்கள் பார்வைக்கோடு அவர் கண்ணுக்கு மேல் 9 சென்டிமீட்டர் உயரத்தில் போனால் நல்லது, 6 இருந்தால் சமாளிக்கலாம். வரிசை கூடக்கூட இதைக் காப்பாற்றச் சரிவைச் செங்குத்தாக்க வேண்டும். பிரிட்டனில் 34 டிகிரிக்கு மேல் அனுமதி இல்லை. இருக்கையை ஏற்றிக்கொண்டே போக முடியாததற்கு இதுவும் காரணம்.

லட்சம் பேர் வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும்?

பிரிட்டிஷ் வழிகாட்டு நெறிப்படி கேலரியிலிருந்து வெளியேறும் வழிக்கு எட்டு நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். தீ மாதிரி ஆபத்து என்றால் இன்னும் குறைவு. அங்கே கொள்ளளவு என்பது இருக்கைகளின் எண்ணிக்கை மட்டும் இல்லை. எத்தனை பேர் உள்ளே வரலாம், எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை பேர் நேரத்துக்குள் வெளியேறலாம் என்று தனித்தனியே பார்த்து, எது குறைவோ அதுதான் அனுமதி. வாசல் குறுகலாக இருந்தால் இருக்கையைப் பூட்டத்தான் வேண்டும்.

இது ஸ்டேடியத்தைவிட்டு வெளியே வருவதற்கான கணக்கு மட்டும். பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுப்பது தனிப் புராணம்.

கழிவறை போதுமா?

சிரிக்க வேண்டாம், இடைவேளையில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள். 2007-ல் திறந்த புதிய வெம்பிளியில் 90,000 பேருக்கு 2,618 கழிவறைகள். கட்டியபோது உலகில் வேறெந்த அரங்கிலும் இவ்வளவு இல்லை.

நம்ம பக்கத்து மைதானங்கள் எந்த இடத்தில் நிற்கின்றன?

சேப்பாக்கம் சுமார் 38,000. அதாவது அகமதாபாத்துக்குள் மூன்றரை சேப்பாக்கம் அடங்கும். இங்கேயும் ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் அனுமதிச் சிக்கலில் பல வருடம் பூட்டிக் கிடந்தன. கொழும்பு பிரேமதாச மைதானம் சுமார் 35,000. தமிழர்கள் அதிகம் வாழும் மலேசியாவில் பெரியது என்றால் கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில்; 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டியது, 85,000-க்கு மேல். ஆப்பிரிக்காவிலேயே பெரியது ஜோகன்னஸ்பர்க்கின் எஃப்என்பி ஸ்டேடியம், சுமார் 94,700.

அகமதாபாத்தை மிஞ்ச யாராவது கட்டுகிறார்களா?

மொராக்கோ 2030 கால்பந்து உலகக் கோப்பைக்காக காசாபிளாங்கா அருகே 1,15,000 இருக்கைகளோடு ஒன்றைக் கட்டுகிறது. கால்பந்துக்கென்று கட்டியவற்றில் அது முதலிடம் பிடிக்கும், மொத்தத்தில் அகமதாபாத்தை எட்டாது. மான்செஸ்டர் யுனைடெட்டும் 2025-ல் ஒரு லட்சம் பேருக்கான திட்டத்தை அறிவித்திருக்கிறது. அகமதாபாத்துக்கோ 2030 காமன்வெல்த் போட்டிகள் கிடைத்திருக்கின்றன.

முதல்முறையாக மொட்டேரா போகிறேன். எந்த டிக்கெட் எடுக்கலாம்?

பந்துவீச்சாளருக்கு நேர் பின்னால் வரும் பகுதியில், மேல் அடுக்கின் முதல் சில வரிசைகள். பந்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஊகிக்க வசதி, ஃபீல்டிங் அமைப்பும் ஒரே பார்வையில் விளங்கும். கீழ் அடுக்கில் பக்கவாட்டு இருக்கை விலை கூடினாலும் வீரர்களின் முகம்தான் கிட்டத்தில் தெரியும், ஆட்டம் தெரியாது. பகல் ஆட்டமென்றால் மேற்குப் பக்கம் எடுங்கள். மாலை வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், எதிர்ப் பக்கத்தவர்கள்தான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், பெரிய பை எதையும் பொதுவாக விட மாட்டார்கள், அறையிலேயே வைத்துவிடுங்கள். திரும்புவதற்கு மொட்டேரா மெட்ரோ நிலையம் நடக்கிற தூரம்தான். ஆட்ட நாளில் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று உள்ளே போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டோக்காரர் அன்று சொல்லும் தொகை டிக்கெட் விலையை நெருங்கிவிடும்.